கவனிக்காமல் வாழுமா கண்ணாடிக் கடல்?

வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் கடல்நீர், நீரின் நடுவே சிறு பாறை, பாறைமேல் விரல் விரித்தாற்போலப் பவள உயிர்கள், அவற்றினூடே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன்கள். இக்காட்சியை விரும்பாதார் அரியர். நன்னீர் மீன்தொட்டி நமக்குப் புதிதன்று. சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்குப் பிழைப்பாகவே இருந்து வருகிறது. ஆனால் கடல்நீர்த் தொட்டி, அதிலும் பவளத் தொட்டி, நம் வீடுகளுக்குள் நுழைந்தது அண்மையில்தான். அதனுடன் ஒரு கொள்கையும் நுழைந்திருக்கிறது. பாறையும் மணலும் உயிருடன் இருந்துவிட்டால் தொட்டி தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். மாதம் ஒரு நாள் கைவைத்தால் போதும் என்பது அக்கொள்கை.

கேட்பதற்கு இது விஞ்ஞானம் போலவே இருக்கிறது. பாதி விஞ்ஞானமும்கூட. எந்தப் பாதி மெய், எந்தப் பாதி ஆசை என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விற்பவர் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு கண்டிப்பது எளிது, அது நியாயமாகாது. ஆகவே இக்கொள்கையை அதன் மூலவர்களிடமிருந்தே தொடங்கி ஆராய்வோம்.

கொள்கை பிறந்த கதை

1846-ம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரைக்குச் சென்ற அன்னா தைன் என்னும் பெண்மணி, அங்கே கண்ட சிறிய கல்பவள உயிர்களை ஒரு சாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடலிலிருந்து வெகுதூரத்தில் அவற்றை எப்படி உயிருடன் வைப்பது? முதலில் கரையிலிருந்து கடல்நீரை வரவழைத்து அடிக்கடி மாற்றினார். பிறகு, திறந்த சன்னலருகே நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றி ஊற்றும்படி ஏற்பாடு செய்தார். டீக்கடையில் டீ ஆற்றுவதுபோன்ற இவ்வேலையை நாள்தோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் செய்தவர் வீட்டு வேலைக்காரப் பெண். அடுத்த ஆண்டு கடற்பாசியையும் சேர்த்து வைத்ததும் வேலை குறைந்தது.

1850-ம் ஆண்டில் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயனர் லண்டனில் இதற்கு விளக்கம் தந்தார். அவர் வைத்துப் பார்த்தது நன்னீர்த் தொட்டி: தங்கமீன், நீர்த்தாவரம், நத்தை. மீன் விடும் கரியமில வாயுவைத் தாவரம் ஏற்கிறது. தாவரம் விடும் பிராணவாயுவை மீன் ஏற்கிறது. அழுகும் இலையை நத்தை தின்கிறது. இதுவே சமநிலைத் தொட்டி என்னும் கருத்து. 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வெளிவந்தபின் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பிடித்தது. கவனிக்காமல் வைத்தவர்களின் தொட்டிகள் நாறிப்போனதும் அப்போதே கண்ட அனுபவம்.

நம் காலக் கொள்கைக்கு நேர்மூலம் லீ சின் எங். இந்தோனீசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த இவர், 1961 பிப்ரவரியில் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் தம் இயற்கை முறையை வெளியிட்டார். அக்காலத்தில் கடல்மீன் தொட்டி என்றால் வெளுத்து உலர்த்திய பவள எலும்பும், கிருமிநீக்கிய நீரும், வடிகட்டியுமாக மருத்துவமனை அறைபோல இருக்கும். எங் அதற்கு நேர்மாறாகச் செய்தார். கடலில் கிடந்த, உயிர்கள் அப்பிய பாறைத் துண்டுகளையும் உயிருள்ள பவளங்களையும் இட்டார், வடிகட்டியை நீக்கினார், காற்றுக் குமிழி ஒன்றை மட்டும் விட்டார், வெளிச்சத்தை ஜன்னலுக்கு விட்டுவிட்டார். தொட்டி வாழ்ந்தது. பிறகு வந்தவர்கள் இதை வளர்த்தார்கள். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஏடி பாசி விரிப்பைக் கொண்டு நீரைத் தூய்மை செய்யும் முறையைக் கண்டார். மொனாக்கோவில் ழான் ஜோபேர் தடித்த மணற்படுகையின் அடியில் நீர்வெளி ஒன்றை விட்டு, மணலையே தூய்மைக் கருவியாக்கினார்.

மெய்யான பாதி

எங் கண்டது வெறும் தற்செயல் அன்று. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. அமோனியா நஞ்சு. பாறையின் மேற்பரப்பில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்விரண்டிற்கும் பிராணவாயு வேண்டும். பாறையின் உட்துளைகளிலும் மணலின் அடியிலும் பிராணவாயு குறைந்த இடங்கள் உண்டு. அங்கே வாழும் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை உடைத்து, தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. ஆக, துளைகள் நிறைந்த ஒரு கல் என்பது மேலே ஒரு தொழிற்சாலையும் உள்ளே ஒரு தொழிற்சாலையுமாக இயங்குகிறது. அடிக்கடி கழுவி, கிளறி, தேய்த்துத் துப்புரவு செய்பவர் உண்மையில் இத்தொழிலாளர்களைக் கொன்றுவிடுகிறார். அவ்வளவில், கையை அடக்கு என்ற அறிவுரை சரியானதே.

பவள உயிரின் திசுவுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை உணவு செய்து தம் வீட்டுக்காரருக்கும் கொடுக்கின்றன. ஆகவே பவளத்துக்கு அன்றாடம் இரை போட வேண்டிய தேவையும் பெரிதில்லை. மீன்கள் குறைவாகவும், கல் மிகுதியாகவும், நீரின் அளவு பெரிதாகவும் இருந்தால் கழிவுக் கணக்கைப் பொறுத்தவரை தொட்டி பெரும்பாலும் தானே ஓடும். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் தொட்டியில் கழிவு ஒன்று மட்டுமா மாறுகிறது? மாறும் பொருள்கள் இன்னும் பல உண்டு. அவற்றைப் பற்றிக் கொள்கை பேசுவதில்லை. அவற்றைக் காண நாம் நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை. மரக்காணத்துக்குப் போனால் போதும்.

தொட்டி உப்பளமாகும் கணக்கு

பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடியும் இடம் மரக்காணம். ஒருபுறம் கழுவெளி, மறுபுறம் வங்கக்கடல், இடையே கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகள். இங்கே நடப்பது எளிய இயற்பியல். உப்புநீரை ஆழமில்லாத பாத்தியில் பரப்புகிறார்கள். வெயிலும் காற்றும் நீரை மட்டும் எடுத்துச் செல்கின்றன, உப்பு தங்குகிறது, நீர் நாளுக்கு நாள் கனக்கிறது. கனத்தைத் திரவமானியால் அளந்து, போமே டிகிரிக் கணக்கில் சொல்கிறார்கள். கடல்நீர் சுமார் 3.5 டிகிரி. 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்கும்.

நம் கண்ணாடித் தொட்டியும் ஒரு பாத்திதான். ஆழம் மட்டும் அதிகம். 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 36 செ.மீ. நீராழம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு ஏறத்தாழ 130 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், மொத்தம் சுமார் 4.5 கிலோ உப்பு அதில் இருக்கிறது. மேலே விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் ஆவியாவதாகக் கொள்வோம். அதாவது நாள்தோறும் 1.8 லிட்டர்.

பத்து நாளில் 50 மி.மீ. குறைந்துவிடும். 360 மி.மீ. ஆழம் 310 மி.மீ. ஆகிவிட்டது. உப்போ அப்படியே இருக்கிறது. எனவே 35 கிராம் என்றிருந்தது 40.6 கிராம் ஆகிறது. இருபது நாளில் 48 கிராம். மாதம் ஒருமுறை மட்டும் தொட்டியை நெருங்கும் ஒருவர், இருபத்தைந்தாம் நாளில் ஒரு சிறிய உப்பளத்தைத்தான் கூடத்தில் வைத்திருக்கிறார். பவளப்பாறை வாழும் திறந்த கடலில் உப்புச் செறிவு ஆண்டு முழுவதும் ஓரிரு கிராமுக்கு மேல் மாறுவது அரிது. அந்த நிலைமைக்குப் பழகிய உயிருக்கு இம்மாற்றம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

குறைந்த நீருக்கு ஈடாக எதை ஊற்றுவது? கடலோரத்தில் குடியிருப்பவர் பலர், பக்கத்தில்தான் கடல் இருக்கிறதே என்று கடல்நீரையே ஊற்றுகிறார்கள். ஆவியானது வெறும் நீர், ஊற்றுவது உப்புநீர். நாளொன்றுக்கு 1.8 லிட்டர் கடல்நீர் என்றால் 63 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்கிறது. மாதத்தில் ஏறத்தாழ 1.9 கிலோ. தொட்டி நிறைந்தே இருக்கும். கண்ணுக்கு எக்குறையும் தெரியாது. ஆனால் உப்புச் செறிவு 49 கிராமைத் தாண்டியிருக்கும். உப்பளத்திலும் இதே தந்திரந்தான்: பாத்தியில் நீர் குறையக் குறைய மேலும் உப்புநீரை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உப்பு எடுப்பவருக்கு அது தொழில். மீன் வளர்ப்பவருக்கு அது நாசம்.

ஆகவே ஊற்ற வேண்டியது உப்பில்லாத நீர். கடலோரக் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பெரும்பாலும் கரைபொருள் மிகுந்தவை. லிட்டருக்கு 1 கிராம் கரைபொருள் உள்ள நீரை ஊற்றினால் ஓராண்டில் 650 கிராமுக்கு மேல் வேண்டாப் பொருள் தொட்டியில் தங்கும். சுத்தமாகப் பிடித்து மூடிவைத்த மழைநீர் அல்லது சவ்வூடு வடித்த நீர் இதற்கு ஏற்றது.

உப்பளம் பிரிப்பதைப் பவளம் கேட்கிறது

கடல்நீர் என்பது உப்புக் கரைசல் மட்டுமன்று. 1849-ல் உசிக்லியோ என்ற இரசாயனர் மத்தியதரைக் கடல்நீரைச் சிறுகச் சிறுக ஆவியாக்கி, எது எப்போது பிரிகிறது என்று பார்த்தார். நீர் ஏறத்தாழப் பாதியாகும்போது சுண்ணாம்புக் கார்பனேட்டு படிகிறது. ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சமையலுப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. மரக்காணத்துப் பாத்திகளிலும் வரிசை இதுவே. முதற் பாத்திகளில் சுண்ணாம்பு தங்கிவிடுகிறது; கடைசிப் பாத்தியில் கசப்பு நீரை வடித்து விடுகிறார்கள்; நடுவில் விளைவதைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. உப்பளத்து உப்பை நல்ல நீரில் கரைத்தால் கடல்நீர் கிடைக்குமா? கிடைக்காது. பாலிலிருந்து எடுத்த வெண்ணெயை நீரில் கலக்கினால் பால் ஆகாததுபோல, கடலிலிருந்து பிரித்த உப்பைக் கரைத்தால் கடல் ஆகாது. செலவு குறையும் என்று இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பவளத்துக்கு வேண்டிய சுண்ணாம்பும், அது நீரில் தங்கத் துணைசெய்யும் மக்னீசியமும் எவையோ, அவையே உப்பளத்தில் முதலிலும் கடைசியிலும் நீக்கப்படுகின்றன. எஞ்சியது நம் சோற்றுக்கு உகந்தது, பவளத்துக்கு உகந்ததன்று.

பவளம் சுண்ணாம்பை எவ்வளவு வேகமாகச் செலவழிக்கிறது? அதன் எலும்பு கால்சியம் கார்பனேட்டு. நம் 130 லிட்டர் கடல்நீரில் கால்சியம் சுமார் 53 கிராம் இருக்கிறது. அதைக் கொண்டு 130 கிராமுக்கு மேல் கல் செய்யலாம். ஆனால் கல் செய்யக் கால்சியம் மட்டும் போதாது, பைகார்பனேட்டும் வேண்டும். நீரிலுள்ள பைகார்பனேட்டு முழுவதையும் பயன்படுத்தினாலும் 15 கிராம் கல்லுக்கு மேல் செய்ய இயலாது. 15 கிராம் சுண்ணாம்புக்கல் என்பது ஒரு சிறு கொட்டைப்பாக்கு அளவு. அந்தப் பாக்களவு கல் வளர்வதற்குள் தொட்டி நீரின் கையிருப்பு தீர்ந்துவிடும். தீரும்வரைகூடப் பவளம் காத்திராது. பாதி குறையும்போதே வளர்ச்சி தடைப்படும்.

மாதம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதாகக் கொண்டால், புதுநீர் கொண்டுவருவது 1.5 கிராம் கல்லுக்கான பொருளே. மாதம் 5 கிராம் வளரக்கூடிய பவளக் கூட்டத்துக்கு அது போதாது. இதைச் சரிக்கட்ட ஐரோப்பாவில் பீட்டர் வில்கன்ஸ் என்பவர் 1970-களில் ஒரு நல்ல வழியைப் பரப்பினார். ஆவியான நீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டர், ஏறத்தாழ 2 கிராம் கல்லுக்கு வேண்டியதைத் தருகிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு இது விளங்காததன்று. முறை அழகானதுதான், ஆனால் சொட்டு மிகுந்தால் நீரின் காரத்தன்மை திடீரென ஏறி மீன் மடியும். ஆகவே இங்கும் கண்காணிப்பு நீங்கவில்லை. பெயர் மாறியது, அவ்வளவே.

வெப்பமும் மூச்சும்

130 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 546 கிலோஜூல் வேண்டும். பவளத்துக்காகத் தொட்டிமேல் எரியும் 100 வாட் விளக்கு ஒரு மணியில் 360 கிலோஜூல் வெளிவிடுகிறது. அதில் பெரும்பகுதி நீரைச் சேர்ந்தால், ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஒரு டிகிரி ஏறும். இதைத் தணிப்பது எது? ஆவியாதலேதான். நாளொன்றுக்கு 1.8 லிட்டர் ஆவியானால், அது தொடர்ந்து 50 வாட் வெப்பத்தை வெளியேற்றுவதற்குச் சமம். மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

இங்கேதான் வேலைக் குறைப்புக் கொள்கையின் முடிச்சு இருக்கிறது. அன்றாடம் நீர் ஊற்றும் வேலையை மிச்சப்படுத்தத் தொட்டியைக் கண்ணாடியால் மூடினால், ஆவியாதல் நிற்கும், நீர் சூடேறும். சூட்டைக் குறைக்க விசிறி வைத்தால், ஆவியாதல் மிகும். நீர் ஊற்றும் வேலை கூடும். இரண்டையும் தவிர்க்கக் குளிர்கருவி வைத்தால், மின்கட்டணம் ஏறும். மின்சாரத்தை நம்பியிருக்கும் நிலை வரும். ஒரு வேலையை ஓரிடத்தில் அமுக்கினால் அது வேறோரிடத்தில் எழும்புகிறது.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? 30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மிகுதியாகவே பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். முழுத் தொட்டியிலும் இருப்பது 0.8 கிராம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் இரண்டு மூன்று நிமிடத்தில் செலவழிக்கும் அளவு இது. நீரோட்டம் நின்றதும் மீனும் பவளமும் மட்டுமல்ல, நாம் புகழ்ந்த அதே பாக்டீரியாக்களும் இச்சிறு கையிருப்பைப் பங்கு போடத் தொடங்கும். இரவாயின் பாசியும் அப்பந்தியில் அமரும். எங் கொண்டாடிய உயிர்க்கல், காற்றுக் குமிழி நின்ற இரவில் தொட்டிக்குப் பகையாகிவிடுகிறது.

இது கற்பனை ஆபத்தன்று. இக்கரையில் 2011-ல் தானே, 2020-ல் நிவர், 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. புயலுக்குப் பின் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்களை நாம் அறிவோம்.

எந்தக் கடிகாரம்?

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். இயற்பியலில், ஒரு பொருள் எவ்வளவு காலத்தில் குறிப்பிடத்தக்க அளவு மாறுகிறது என்பதைத் தனித்தனியே கணிப்பது வழக்கம். தொட்டிக்கும் அப்படியே செய்யலாம். தாங்கக்கூடிய மாற்றத்தை, மாறும் வேகத்தால் வகுத்தால், எத்தனை நாளுக்கு ஒருமுறை கவனிக்க வேண்டும் என்ற விடை வந்துவிடும்.

பிராணவாயுவின் கடிகாரம் மணிக்கணக்கில் ஓடுகிறது. வெப்பத்தின் கடிகாரமும் அப்படியே. உப்புச் செறிவு ஒரு கிராம் கூடுவதற்கு 10 மி.மீ. நீர் குறைந்தால் போதும். ஆகவே அதன் கடிகாரம் இரண்டு நாள். பைகார்பனேட்டு பத்தில் ஒரு பங்கு குறைவதற்கு, மேற்சொன்ன 5 கிராம் பவளக் கூட்டத்துக்கு ஒன்பது நாள். நல்ல உயிர்க்கல்லும் குறைந்த மீனும் உள்ள தொட்டியில் நைட்ரேட்டு கவலைப்படும் அளவு சேர மாதங்கள் ஆகும்.

மாதம் ஒரு நாள் போதும் என்பவர் காட்டுவது நைட்ரேட்டின் கடிகாரத்தை. அது பொய்க் கடிகாரமன்று; மிக மெதுவான கடிகாரம். தொட்டியிலுள்ள உயிரோ மிக வேகமான கடிகாரத்தின்படி வாழ்கிறது, சாகிறது. கவனிப்பின் இடைவெளியை முடிவு செய்வது நம் வசதியன்று. மிக விரைவாக மாறும் அளவு எதுவோ, அதுவே. இக்கொள்கையின்மேல் நம் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

இந்தக் கண்ணோடு மூலவர்களைத் திரும்பிப் பார்த்தால் அவர்கள் வெற்றியின் காரணமும் விளங்கும். ஜகார்த்தா நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரி தெற்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெப்பநிலையில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. பவளத்தீவுகள் அவ்வூர்க் கடலிலேயே உண்டு. வெளிச்சம், வெதுவெதுப்பு, நல்ல கடல்நீர் ஆகிய மூன்றையும் எங்குக்கு ஊரே கொடுத்தது. குளிர்நாட்டில் அதே முறையைப் பின்பற்றியவர்கள் பலர் தோல்வி கண்டதில் வியப்பில்லை. அவர்கள் தொட்டியை நகல் எடுத்தார்கள், ஊரை நகல் எடுக்க முடியவில்லை. ஏடியின் பாசி விரிப்பிலும் வளர்ந்த பாசியை அடிக்கடி சுரண்டி எடுத்தே ஆகவேண்டும். நீரிலிருந்து நீங்கும் கழிவு அந்தப் பாசியாகத்தான் நீங்குகிறது. அன்னா தைன் தொட்டியின் பெருமையைப் பேசும்போது சன்னலருகே நீர் ஆற்றிய பெண்ணை மறந்துவிடுகிறோம். குறைந்த பராமரிப்புத் தொட்டிகளின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய மறதிகளின் வரலாறே.

மரக்காணம் ஜகார்த்தாவும் அன்று. இது மணற்கரை; பவளத்திட்டுகளைக் காண மன்னார் வளைகுடாவுக்குத்தான் போகவேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்புச் செறிவு குறையும், கலங்கல் மிகும். வீட்டுவாசலில் கடல் இருப்பதாலேயே எப்போதும் நல்ல நீர் கிடைக்கும் என்று கொள்வதற்கில்லை.

கணக்கில் வராத செலவு

இரண்டு ஆண்டாகக் கைவைக்கவில்லை, தொட்டி நன்றாக இருக்கிறது என்று சிலர் பெருமைப்படுவதுண்டு. பெரிய உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் ஒரு செ.மீ. வளர்பவை. கால்பந்து அளவுள்ள ஒன்று இருபது ஆண்டு உழைப்பு. அத்தகைய உயிர் இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தால் அதை வாழ்ந்தது என்று சொல்லலாமா? மெதுவாகச் சாகும் உயிரை வைத்து வெற்றியை அளப்பது தவறான அளவை. அத்துடன், செத்ததை நீக்கிப் புதியதை வாங்கி வைப்பதை இவர்கள் பராமரிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. அச்செலவைக் கடல் தாங்குகிறது.

நம் கடலுக்கு அந்தத் தெம்பு உண்டா? இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. 1986-ல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. அவற்றுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் இன்று நீர்மட்டத்துக்குக் கீழே. சுற்றியிருந்த பவளக்கற்களைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி மிகுந்த வெப்பம் சில வாரம் நீடித்தாலே பவளம் தன் பாசியை உமிழ்ந்து வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் அவ்வாறு வெளுப்பு நேர்ந்தது. கல்பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் முதலியவற்றை 2001-ம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அது. ஆகவே நம் கடலிலிருந்து பவளத்தையோ பவளம் அப்பிய கல்லையோ எடுத்து வந்து கூடத்தில் வைப்பது குற்றம். எங் இயற்கை முறையின் இதயமான உயிர்க்கல்லும் இதில் அடங்கும். 1961-ல் ஜகார்த்தாவில் யாரும் கேளாத கேள்வியை இன்று தமிழ்நாட்டில் சட்டமே கேட்கிறது.

நம் முடிவு

அப்படியானால் கடல்நீர்த் தொட்டியே வேண்டாமா? அவ்வாறு சொல்லமாட்டேன். கடலைப் பற்றி ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ தொட்டி கற்பிக்கக்கூடியது நிறைய. கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கண்டிருக்கின்றன. பொரிப்பகத்தில் பிறந்த ஓர் இணை மீன், பவளமில்லாத பாறை, அகலமான தொட்டி ஆகியவை போதும். சுட்ட மண் ஓடுகளை அடுக்கினாலும் பாக்டீரியா குடியேறும்; ஆறு வாரம் பொறுத்து, அதன்பிறகே மீனை விடவேண்டும். பவளம் இல்லாவிட்டால் பைகார்பனேட்டின் கடிகாரம் ஏறத்தாழ நின்றுவிடும். கடும் விளக்கும் தேவையில்லை. வெப்பத்தின் கடிகாரம் மெதுவாகும். வேலையைக் குறைக்க நேர்மையான வழி இதுவே: கடிகாரங்களைப் பார்க்காதிருப்பதன்று, வேகமான கடிகாரங்களைத் தொட்டிக்குள் கொண்டுவராதிருப்பது.

எஞ்சிய வேலை பெரிதன்று. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, நாள்தோறும் அக்கோடு வரை நன்னீர் ஊற்றுவது. வீட்டு நீர்த்தொட்டியில் உள்ளதுபோன்ற மிதவை அடைப்பானை வைத்தால் அதுவே இவ்வேலையைச் செய்யும். வாரம் ஒருமுறை திரவமானியை மிதக்கவிட்டுப் பார்ப்பது. இரு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது. புயற்காலத்துக்கென்று மின்கலத்தில் ஓடும் காற்றுக்குழல் ஒன்றை எடுத்துவைப்பது. கல்லையும் மணலையும் கிளறாதிருப்பது. மொத்தத்தில் வாரம் அரைமணிக்கு மேல் ஆகாது. அதைக்கூட ஒதுக்க இயலாதவர் தொட்டி வைக்காதிருப்பது மீனுக்குச் செய்யும் உதவி.

மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்பவரிடம், மாதம் ஒருநாள் பாத்தியைப் பார்த்தால் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். காலையில் ஒரு கனம், மாலையில் ஒரு கனம் என்று நீரின் போக்கை அறிந்தவர் அவர். ஒரு நாள் மழை, ஒரு நாள் காற்று எதைச் செய்யும் என்று அவருக்குத் தெரியும். உயிரில்லாத உப்புக்கே அத்தனை கவனம் தேவைப்படும்போது, உயிருள்ள மீனைக் கவனிக்காமல் வளர்க்கலாம் என்ற வாக்குறுதியை நாம் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.